ரோமாபுரியைப் பார்த்து மலையேறினோம்

டிவி பார்த்தால் பெண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதற்கு எங்கள் சொந்தத்தில் உதாரணம் வேண்டுமென்றால் என்னைத்தான் காட்டுவார்கள். காட்டட்டும். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே நாலு பேர் கூடினாலும், நான் நுழைந்ததும் யாராவது ஒருவர் ரோமாபுரி வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிக்காமல் விடுவதில்லை. நானும் தலையைக் குனிந்துகொள்வதில்லை. ஆமாம், வந்துவிட்டது, இலையைப் போடுங்கள் என்று பந்தியில் உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்தும் உள்ளே தள்ளி இருக்கிறது. சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அரசாங்கம் கொடுத்த டிவி ஒன்று வீட்டில் இருந்தது. அப்பா ஒரு வருஷம் கீழே கரும்பு வெட்டப் போய்த் திரும்பும்போது கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு டிஷ் வாங்கி வந்து கூரைமேல் நிறுத்தினார். ரீசார்ஜ் தீர்ந்ததும் சீரியல், பாட்டு, சினிமா என்று ஒவ்வொன்றாக இருண்டுபோயின. என்ன காரணமோ, ஒரே ஒரு சேனல் மட்டும் நிற்கவில்லை. அது சரித்திரம் காட்டுகிற சேனல். எப்போது போட்டாலும் அதில் ரோமாபுரி எரிந்துகொண்டிருக்கும்.

சும்மா சொல்லிக்கொண்டு போகிற சரித்திரமில்லை, நடித்துக் காட்டுவது. வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சப் பேர் சண்டை போடுவார்கள். உடனே நரைத்த தாடிக்காரப் பேராசிரியர் ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால் தோன்றி, அந்தச் சண்டை எதற்கு என்று விளக்குவார். எல்லோரும் செந்தமிழில்தான் பேசுவார்கள். பேரரசர், அடிமை, பேராசிரியர் மூன்று பேருக்கும் ஒரே ஆள் குரல் கொடுத்திருப்பார். போன வாரம் கத்திக்குத்துப்பட்டுச் செத்தவன் இந்த வாரம் சந்தையில் ரொட்டி விற்பான். எந்த ராஜா செத்தாலும் அதே வெள்ளைக் குதிரைதான் மிரண்டு ஓடும். எனக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே தெரியவில்லை. அப்பா ராஜாக்களுக்காகப் பார்த்தார். நான் பின்னால் நின்று கத்துகிற கூட்டத்துக்காகப் பார்த்தேன்.

அக்கா அந்த வருஷம் பத்தாவது தேறியிருந்தாள். எங்கள் ஊரில் அதுவரை பெண்பிள்ளைகள் யாரும் அந்தப் படியைத் தாண்டியதில்லை. கீழே போய் விடுதியில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்க வேண்டும் என்று ஒரு சாயங்காலம் அப்பாவிடம் கேட்டாள். அப்பா ரிமோட்டை எடுத்து ரோமாபுரியின் சத்தத்தைக் கூட்டினார். மறுவாரமே, அத்தை தன் மகனுக்கு அக்காவைக் கேட்டு வருகிறாள் என்று சேதி வந்தது. அத்தை மகன் நல்லவன்தான், குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டான். ஆனால் யாருக்கு மாப்பிள்ளை வேண்டும்? அக்காவுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, முளைச்சு மூணு இலை விடல, இதுக்கு வாய் பார் என்று விரட்டப்பட்டேன்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிறவர்கள் வெற்றிலைத் தட்டைக் கையிலேயே வைத்திருப்பார்கள். கேட்கப்படுகிற பெண் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதை வாங்கிக் குடித்த பிறகுதான் தட்டு தரையில் இறங்கும், பேச்சு தொடங்கும். பெண் தண்ணீர் கொடுத்துவிட்டால் அவளுக்குச் சம்மதம் என்று அர்த்தமாம். வாயைத் திறந்து சொல்கிற சிரமம் பெண்ணுக்கு இருக்கக் கூடாது என்று நினைத்து ஏற்படுத்தியிருப்பார்கள் போலிருக்கிறது.

அத்தை வருவதற்கு முந்தின சாயங்காலம்தான் டிவியில் அதைக் காட்டினார்கள். ரோமாபுரியின் ஏழை ஜனங்கள். போருக்குப் போவது அவர்கள், பயிர் வைப்பது அவர்கள், சபையில் உட்கார்ந்து பேசுவது மட்டும் வேறு ஆட்கள். ஒருநாள் அந்த ஜனங்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, யாரையும் அடிக்காமல், எதையும் கொளுத்தாமல், ஊருக்கு வெளியே இருந்த ஒரு மலையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் நின்றுபோனது. பெரிய மனிதர்களுக்கு ரொட்டி சுட ஆள் இல்லை, கோட்டைக்குக் காவல் இல்லை. பயந்துபோய், நயமாகப் பேசத் தெரிந்த ஒருவரைத் தூது அனுப்பினார்கள். அவர் மலைக்குப் போய் வயிற்றைப் பற்றி ஒரு கதை சொன்னார். கையும் காலும் கோபித்துக்கொண்டு வயிற்றுக்குச் சோறு போடாமல் விட்டால் கடைசியில் கையும் காலும்தான் இளைத்துப்போகும் என்று. ஜனங்கள் அந்தக் கதைக்கு மயங்கியது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு காரியம் சாதித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். இனிமேல் தங்கள் பக்கத்து ஆள் ஒருவர் இருப்பார், பெரியவர்கள் எதை முடிவு செய்தாலும் அவர் எழுந்து, "நான் தடுக்கிறேன்" என்று சொன்னால் அது நின்றுவிடும்.

விடிந்ததும் அக்காவிடம், நாம் மலையேறிவிடலாம் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாம் இருப்பதே மலைதானே என்றாள். இன்னும் மேலே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் செருப்பை மாட்டினாள்.

ஊருக்கு மேலே, கடுக்காய் மரங்களைத் தாண்டி, அகலமான பாறை ஒன்று உண்டு. அங்கே போய் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. அத்தை வீட்டார் வந்த வேன் வளைவுகளில் திரும்பித் திரும்பி ஊருக்குள் போவது தெரிந்தது. இப்போது கூச்சல் எழும், இப்போது தேடி வருவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஊர் நின்றுபோகவும் இல்லை. எங்கள் வீட்டுக் கூரையில் விருந்துச் சமையலின் புகை தாராளமாக எழுந்துகொண்டிருந்தது.

உச்சிவேளைக்குப் பெரியம்மா முறையாகிற பக்கத்து வீட்டுக்காரி தலையில் விறகுக்கட்டோடு அந்த வழியாக இறங்கினாள். எங்களைப் பார்த்து நின்றாள். "அடியே, உங்க அத்தை உங்கள மெச்சிக்கினு இருக்கா. விருந்துக்கு வெறகு பத்தாதுன்னு புள்ளைங்களே தேடிக்கினு போயிருக்குதுங்க, எம்மா பொறுப்புன்னு," என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் தப்பு அப்போதுதான் உறைத்தது. ரோமாபுரியில் மலையேறினால் அது கலகம். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் மலையேறினால் அது விறகு. தினமும் ஏறுகிறவர்கள் ஏறியதை யார் கலகம் என்று எடுத்துக்கொள்வார்கள்? கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும். எங்கள் மலையில் கோபித்துக்கொண்டவர்கள் எல்லோரும் கீழேதான் போனார்கள்.

ஆனால் நான் விடவில்லை. பெரியம்மா, நாங்கள் விறகுக்கு வரவில்லை, அக்கா தண்ணீர் கொடுக்க மாட்டாள், அதைச் சொல்வதற்குத்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறோம், அப்படியே போய்ச் சொல்லுங்கள் என்றேன். அவள் கட்டை இறக்கி வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உடனே கட்டைத் தூக்கிக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, குடும்பத்திலேயே நயமாகப் பேசத் தெரிந்தவர். தூது வந்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூச்சு வாங்கப் பாறையில் உட்கார்ந்து, மடியிலிருந்து இரண்டு அதிரசத்தை எடுத்து வைத்தார். அத்தை தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல், எடுத்துக்கொண்டு போகவும் மனம் வராமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாளாம். அப்பா முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு ஊர்ல ஒரு ஆடு என்று ஆரம்பித்தார்.

"சித்தப்பா, கத சொல்றதா இருந்தா எறங்கிப் போயிடுங்க," என்றேன். "எங்க ஆளு ஒருத்தர் அந்தப் பேச்சுல குந்தணும். அவங்க வேணாம்னா வேணாம்தான். அதுக்கு ஒத்துக்கினாதான் வருவோம்."

சித்தப்பா வாயைப் பிளந்தார். பிறகு, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், யார் அந்த ஆள் என்றார். அதுவரை நான் யோசித்திருக்கவில்லை. என்னைத்தான் சொல்வாள் என்று அக்காவைப் பார்த்தேன்.

"அம்மா," என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவா? அதிரசத்துக்கு மாவு இடித்தவள் அம்மா. வந்தவர்களுக்குப் பாயை உதறிப் போட்டவளும் அவள்தான். அப்பா எதிரில் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததே இல்லை. அவள் அந்தப் பக்கத்து ஆள் என்று கத்தினேன். அக்கா என்னைச் சட்டை செய்யவில்லை. போய் அம்மாவைக் கேளுங்கள், அம்மா சொல்கிறபடி நான் நடக்கிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா அதிரசத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். கோபத்தில் இரண்டையும் நானே தின்றேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. வந்த வழியே வளைந்து வளைந்து கீழே போய் மறைந்தது. நான் பாறைமேல் குதித்தேன். ரோமாபுரி பணிந்துவிட்டது, நாம் ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன். அக்கா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஜெயித்த பிறகு எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கீழே நடந்ததைச் சித்தப்பா பல வருஷம் கழித்துத்தான் முழுசாகச் சொன்னார். அவர் போய் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவே நின்றாளாம். "எம் பொண்ணு தண்ணி குடுக்க மாட்டா. தட்ட எடுத்துக்கினு கெளம்புங்க," என்றாளாம்.

அந்தச் சரித்திரத்தில் நான் பார்க்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. விளம்பரம் வந்தபோது கோழி அடைக்க ஓடிவிட்டேன். அந்த ஜனங்கள் மலையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்கள் என்று கல்லூரியில்தான் படித்தேன். தங்கள் பக்கம் நின்று தடுக்கிற ஆள்மீது யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் வைத்தவனை உயிரோடு விட மாட்டோம் என்று எல்லோருமாகச் சேர்ந்து சத்தியம் செய்தார்களாம். எனக்கு அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. அம்மாவின் ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண்வரை ஏறியிருந்தது. என்னம்மா என்று கேட்டேன். பல்வலி என்றாள். அக்கா அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ ஜெயித்த தெம்பு. அம்மாவுக்கு நம் சாமர்த்தியத்தில் கொஞ்சம் காட்டலாம் என்று கொல்லைக்கு ஓடிக் கொய்யா இலை பறித்து வந்து, இப்படி மென்று அந்தப் பக்கமாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்று பாடம் எடுத்தேன். அம்மா நான் சொன்னபடியே வாங்கி மென்றாள். சக்கையைத் துப்பிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸுக்கு அக்காவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போக வேண்டும், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் படுங்கள் என்றாள்.