குழலுக்குள் ஒரு பித்தளை பிரஷ்

சாப்பாட்டு மேசையில் துப்பாக்கி எண்ணெய் வாடை அடித்தால் மனைவி ஓலீட்டா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவள் அணில் வேட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார் ஹார்மன். துப்புரவுக் கம்பியை டப்பாவுக்குள் வைக்கப் போனபோதுதான் அதன் நுனி மொட்டையாக இருப்பதைக் கண்டார். அங்கே திருகி மாட்டியிருக்க வேண்டிய பித்தளை பிரஷ்ஷைக் காணவில்லை.

மேசைக்கடியில் பார்த்தார். அடுப்புக்கடியில் பார்த்தார். நாய் படுத்திருந்த சாக்கை உதறினார். அது முறைத்துவிட்டு எழுந்து போயிற்று. அழுக்குத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஆனால் பிரஷ் எங்கே இருக்கும் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று மாலை எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஓலீட்டாவின் பாயின்ட் டூ டூ ரைஃபிள் அது. ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் ரகம்; அதனாலேயே உள்ளே கரி அப்பிக்கொள்ளும். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றினார். பின்னால் நகரும் போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்தார். மரக்கட்டையைப் பிரித்து, குறுக்கு ஊசிகளைத் தள்ளி, விசைப் பகுதியை இறக்கி, போல்ட்டை எடுத்துக் கரியைச் சுரண்டினார். அந்த ரகத்தில் பின்பக்கம் அடைத்திருக்கும். கம்பியை முன்வாய் வழியாகத்தான் விட முடியும். பிரஷ் பாதிக் குழலில் இருந்தபோது இருமல் வந்தது.

அந்த இருமலை இருமல் என்று சொல்வது மரியாதைக்குத்தான். வாலிபம் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் குனிந்தே கழித்த மனிதர். கென்டக்கி மலையின் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஆண்களுக்கு நெஞ்சில் அந்தக் கரித்தூள்தான் படிந்திருக்கிறது. இருமலோடு அவர் உடம்பு குலுங்கியபோது கையிலிருந்த கம்பியும் சுற்றியிருக்க வேண்டும். திருகு கழன்று பிரஷ் உள்ளேயே தங்கிவிட்டது. கண்ணில் நீர் முட்ட வெறும் கம்பியை உருவி வைத்துவிட்டார். எப்போதும் கடைசியில் ஒரு துணித்துண்டைச் செலுத்தி, வெளிச்சத்தில் குழலைப் பார்ப்பார். நேற்று பார்க்கவில்லை. பழக்கத்தில் கை தானாகவே எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டது.

மூச்சு கெட்டபிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே உத்தியோகம் அது. மேடு ஏற முடியாது, விறகு பிளக்க முடியாது. வேட்டைக்கு ஓலீட்டாதான் போகிறாள், அவரைவிட நன்றாகவே சுடுகிறாள். ஆனால் ஓடைக்கரை வீடுகளில் யார் துப்பாக்கி அழுக்கானாலும் ஹார்மன் மேசைக்குத்தான் வரும். தக்காளியோ சோளமோ கூடவே வரும். "ஹார்மன் மாட்டின துப்பாக்கின்னா கண்ணை மூடிக்கிட்டுச் சுடலாம்" என்பார்கள். அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வந்தது.

மண் அடைத்த குழலோடு சுட்டு, குழல் வெடித்துச் சிதறிய ஒருவனின் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். பெற்ற தாயே அவன் முகத்தைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

விடியும் முன்பே கிளம்பிவிட்டாள் ஓலீட்டா. "குழம்புக்கு மாவு வறுத்து வை கிழவா, கறியோட வரேன்" என்று வாசலில் நின்று சொன்னாள். மேலே, அணில்கள் தேடி வரும் கொட்டை காய்க்கும் ஹிக்கரி மரத்தடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அணில் இறங்கியதும் கட்டையைக் கன்னத்தோடு அணைத்துக் குறிபார்ப்பாள். இதுவரை வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லையா, இல்லை இருமிக்கொண்டிருந்தபோது கேட்காமல் போனதா? பாயின்ட் டூ டூவின் சத்தம் சுள்ளி ஒடிகிற அளவுதானே.

மலையில் கைபேசி எடுக்காது. ஹார்மன் செருப்புக்காலோடு முற்றத்துக்கு ஓடி, பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து ஹாரன்மேல் உள்ளங்கையை வைத்தார். அங்கே காட்டிலிருப்பவரை வீட்டுக்குக் கூப்பிட மூன்று நீள ஹாரன் அடிப்பார்கள். காதில் விழுந்ததும் அவர்கள் பதில் சொல்வார்கள்.

எப்படிப் பதில் சொல்வார்கள் என்பது உறைத்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி.

கூப்பிட்டால் அவளே சுடுவாள். கூப்பிடாவிட்டால் அணிலைச் சுடுவாள். அந்த மனிதருக்கு மிஞ்சியது கால் மட்டும்தான். தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். எடுத்துவைத்த ஒவ்வொரு அடியும் சத்தத்துக்குப் பயந்த அடி. மேலே ஒரு கிளை முறிந்தது. அவருக்கு உயிரே போய்விட்டது. பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டார், மூச்சு முட்டிப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே சாலையில் போன பக்கத்து வீட்டு லோனி அவரைப் பார்த்து, வண்டியை நிறுத்திவிட்டு ஏறி வந்தான்.

"என்ன மாமா இது, வேட்டைக்குச் செருப்பு போட்டுக்கிட்டா வருவாங்க?" என்று சிரித்தவன், அவர் உதடு நீலம் பாய்ந்திருப்பதைக் கண்டு சிரிப்பை விழுங்கினான். "அய்யய்யோ! அத்தை எங்க? மேலயா? இருங்க, ஹாரன் அடிக்கிறேன்."

ஹார்மன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பயப்படாதீங்க மாமா, இதோ வந்துர்றேன்." லோனி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினான். நல்ல பையன், நாசமாய்ப் போன நல்ல பையன். மண்ணை அள்ளி அவன்மேல் வீசினார் ஹார்மன். அது அவர் மடியிலேயே விழுந்தது.

ஹாரன் நீளமாக ஒலித்தது. இன்னொன்று. இன்னொன்று.

ஹார்மன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தினால் வெடிக்காது என்பதுபோல. பிறகு கேட்காமல் இருப்பதும் தாளாமல் கையை எடுத்தார். மலை சும்மா கிடந்தது.

லோனி திரும்பி வந்து, "பதிலையே காணோமே" என்றான்.

"பிரஷ்... குழல்ல..." என்றார். அதற்குமேல் வரவில்லை. அவ்வளவே போதுமாயிருந்தது. லோனியின் முகம் வெளுத்தது. "நான் போயி ஹாரன் அடிச்சுட்டேனே மாமா" என்று தலையில் கைவைத்தவன், மேலே ஓடத் திரும்பும்போது சருகுகள் நொறுங்கும் சத்தம் கேட்டது.

ஓலீட்டா சறுக்கியும் ஓடியும் வந்துகொண்டிருந்தாள். தோளில் ரைஃபிள். முகம் முழுசாக இருந்தது.

"என்ன ஆச்சு? நெஞ்சா? லோனி, என்ன ஆச்சு இவருக்கு?"

ஹார்மன் அவளைத் தொடவில்லை, ரைஃபிளைத்தான் பிடுங்கினார். "சுட்டியா?"

"இல்ல. அணிலே வரல இன்னைக்கு."

ஹிக்கரிக் காய் பழுக்கும் பருவத்தில், அந்த மரத்தடியில் அணில் வரவில்லையாம். "ஹாரன் கேட்டும் ஏன் அத்தை பதிலுக்குச் சுடல?" என்றான் லோனி. அவள் பார்த்த பார்வையில் அவனுக்கு வண்டி ஞாபகம் வந்து இறங்கிப் போனான்.

ஹார்மன் மேகசினை உருவினார். காலி. போல்ட்டை இழுத்தார். அங்கேயும் காலி. அவள் அதில் தோட்டாவே போடவில்லை. போல்ட் திறந்த இடத்தில் வெளிச்சம் திரும்பக் கட்டைவிரல் நகத்தை வைத்து, முன்வாயில் கண்ணை வைத்தார். ஒரே இருட்டு.

"உனக்குத் தெரியும்."

அவள் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். "கிளம்பறப்ப டார்ச் அடிச்சுப் பாத்தேன். அடைச்சிருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல? சும்மா போயி மரத்தடியில உக்காந்திருந்தியா?"

"ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். அப்புறமா நானே எடுத்துருப்பேன்."

அவர் ரைஃபிளை மடியில் கிடத்தினார். "எப்பலேருந்து பாக்கற?"

"இருமல் ஜாஸ்தியானதுலேருந்து."

"ஊர்க்காரங்களோடது?"

"அதையும் பாத்துட்டுத்தான் குடுக்கறேன். ஒரு தடவ லோனியோடதுல ஊசி ஒண்ணு மேசையிலயே கெடந்துச்சு. மாட்டிட்டேன்." அவள் குரல் தணிந்தது. "அந்த ஒரு வேலையையும் புடுங்கிட்டா நீ எதுக்கு எந்திரிப்ப?"

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பிழைத்துக் கிடக்கிற அவள் முகத்தைப் பார்க்க அழுகை வந்தது. இரண்டையும் மறைக்க மூச்சு இல்லை.

"இனிமே ஒளிஞ்சு பாக்காத," என்றார். "நான் மாட்டினதும் என் முன்னாடியே பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் வெளிய போகணும்."

"சரி" என்றாள் ஓலீட்டா. பிறகு, அதுவரை பிடித்து வைத்திருந்தது உடைந்து, அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"ஹாரன் கேட்டதும் நீ செத்துட்டியோன்னு நெனச்சுட்டேன்டா" என்றாள்.