வாய் திறக்காததால் தெறித்த அமிலம்

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தர்மபுரியில் உள்ள கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் வருட வேதியியல் வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷில் குறிப்பெடுப்பதைப் பார்த்து, நமக்கு இது சரிவராது, டி.சி. வாங்கிவிடலாம் என்றே நினைத்திருந்தேன்.

அன்று லேபில் என் ஜோடி ரம்யா. அவள் இங்கிலீஷ் மீடியம். அடர் கந்தக அமிலம் இருந்த பீக்கரில் தண்ணீரை ஊற்றப் போனாள். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் படித்திருந்தேன். சொல்லத் தொண்டை வரை வந்தது. அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும் என்று விழுங்கிவிட்டேன்.

சுர்ரென்று கொதித்துத் தெறித்தது. ரம்யா சட்டென முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லேப் உதவியாளர் ஓடிவந்து அவள் கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடித்திருந்தார். அவளுடைய லேப் கோட்டின் கையில் மூன்று ஓட்டைகள். கண் தப்பியது.

"எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு" என்றேன்.

"தெரிஞ்சுமாடி சும்மா நின்ன? எனக்கு ஒண்ணுமே புரியல. உன்னக் கேட்டா சிரிப்பியோன்னு இருந்துட்டேன்" என்று அழுதாள்.

பக்கத்து மேசையிலிருந்த இரண்டு பெண்கள் மெல்ல, "எங்களுக்குந்தான் புரியல" என்றார்கள்.

இப்போது லேபுக்கு முன் நாங்கள் நால்வரும் வராந்தாவில் உட்கார்ந்து செய்முறையைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறோம். உள்ளே சந்தேகம் வந்தால், சரியோ தப்போ, "நில்லு" என்று கத்திவிடுகிறேன். இரண்டு முறை தப்பாகவே கத்தினேன். ரம்யா சிரிக்கவில்லை, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.