சிவப்பு விளக்கில் அலறிய ஹாரன்

நான் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற ஊரில் விவசாயி. எங்கள் மலைப்பாதையில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டால் உடனே ஒதுங்கி வழி விடுவோம். அவசரம் இல்லாமல் யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள்.

போன மாதம் மிளகு மூட்டைகளோடு நானும் மனைவியும் வேனில் நாமக்கல் போனோம். சிவப்பு விளக்கில் நின்றதும், பின்னாலிருந்த கார்க்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறாங்களோ என்னமோ. வழி உட்டுருங்க" என்றாள் மனைவி.

ஒதுங்க இடமில்லை. பழக்க தோஷத்தில் வண்டியை முன்னால் நகர்த்திவிட்டேன். குறுக்கே வந்த லாரி கிறீச்சிட்டு, அவள் பக்கத்துக் கதவை ஒட்டி நின்றது. லாரிக்காரர் திட்டியதில் தப்பே இல்லை.

பச்சை விழுந்ததும் ஓரம் கட்டினேன். அந்தக் கார் எங்களைத் தாண்டிப் போய் ஒரு பேக்கரி முன்னால் நின்றது. இறங்கியவர் நிதானமாக டீயை ஆற்றிக் குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த டீக்காகவா என் மனைவி சாகப் பார்த்தாள்?

இப்போதெல்லாம் சிவப்பு விழுந்தால் எஞ்சினை அணைத்து, சாவியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். பின்னால் எவ்வளவு அலறினாலும் அவள் அசைவதில்லை.

"அடிக்கட்டும் உடுங்க. டீ ஒண்ணும் ஆறிப் போயிராது."