ஏழரைத் தலை

மனித உருவத்தை வரையப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது ஓர் அளவு. தலையின் நீளத்தை ஒன்று என்று வைத்தால், நிற்கும் மனிதரின் உயரம் ஏறக்குறைய ஏழரை. மலேசியாவின் ஈப்போவில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு நடத்தும் தினேஸ்வரியும் இதைத்தான் சொன்னார். தமிழ்ப் பிள்ளைகளிடம், தமிழிலேயே சொன்னார். அதுதான் வினை.

தினேஸ்வரி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்று வீட்டுமனை போட்டபோது லயத்து வரிசை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குத் துரத்தப்பட்ட குடும்பம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் படித்தார். இப்போது அவரிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த அடுக்குமாடியிலிருந்து வருகிறவர்கள். வாடகையில்லாத இந்த மாடி போனால் வகுப்பும் போயிற்று.

பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக நிற்பவர் கட்டடக் காவலர் ஐயாவு. அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி, வாளியில் ரப்பர்ப் பால் எடுத்தவர்.

“அசையாதிங்க அண்ணே.”

“மூக்கு அரிக்குது லா டீச்சர். அதையும் வரைஞ்சிக்கச் சொல்லுங்க.”

ஒரு மாணவி வீட்டுக்குப் போய்ப் பென்சிலை நீட்டிப் பெற்றோரை அளந்தாள். “அம்மா, ஒங்களுக்கு ஏழரை. அப்பாவுக்கும் ஏழரை.” அந்த வாரமே அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். அம்மா தேவிஸ்ரீ பட்டம் பெற்ற மருந்தாளர். எந்த மாத்திரை எந்த உறுப்பில் என்ன செய்யும் என்று அறிந்தவர். சனி என்ன செய்யும் என்பதை அதைவிட நன்றாக அறிந்திருந்தார். சங்கத் தலைவருக்கு உடனே போன் போட்டார்.

தலைவர் சிவானந்தன் பாலம் கட்டும் பொறியாளர். மாடியேறி வந்தார்.

“டீச்சர், பிள்ளைங்க தலையில ஏழரைய ஏத்தாதிங்க. பெத்தவங்க பயப்படுறாங்க.”

“அது எலும்புக் கணக்கு சார். சனிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அரைதானே? எட்டுன்னு வச்சிக்குங்க. இல்லன்னா மாடிச் சாவியக் குடுத்துருங்க.”

பாலத்தில் அரை அடி தள்ளிப்போனால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்கத் தினேஸ்வரிக்கு நாக்குத் துடித்தது. பிள்ளைகளைப் பார்த்தார். “சரி சார், எட்டு” என்றார்.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. வாசல் சுவரில் தோட்டத்துப் பெரட்டுக் காட்சியை, அதாவது விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் காட்சியை, வரைய வேண்டும். நடுவில் தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி. அவர் சிவானந்தனின் தாத்தா. சுற்றிலும் தொழிலாளர்கள், எல்லாருக்கும் ஐயாவுவின் உடம்பு. தலைவர் சொன்ன உயரத்தில், தலைவர் சொன்ன எட்டில், மாணவர்கள் வரைந்து முடித்தார்கள்.

பார்க்க வந்த சிவானந்தனின் முகம் சுருங்கியது. “என்ன டீச்சர், எங்க அப்பப்பாவோட தலை இவ்ளோ சின்னதா இருக்கு?”

“அதே உயரத்த எட்டாப் பிரிச்சா தலை சிறுத்துத்தான் போவும் சார்.”

“நாங்க பாத்தப்ப கிராணிக்குத் தல நல்லா கனமால்ல இருந்திச்சி!” என்றார் ஐயாவு.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “அவருக்கு மட்டும் பழைய கணக்குல போட்டுருங்களேன்.”

“எத்தன சார்? காது கேக்கல.”

“ஏழரை லா, ஏழரை!”

மகளை அழைத்துப்போக வந்திருந்த தேவிஸ்ரீ வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மத்தவங்களுக்கு?” என்று கேட்டார் தினேஸ்வரி.

“அவங்க எட்டாவே இருக்கட்டும். சும்மா சுத்தி நிக்கிறவங்கதானே.”

கிராணியின் தலை பெருத்தது. சாவி தினேஸ்வரியிடமே இருந்தது. தலைவரே தம் பாட்டனாருக்கு ஏழரை கேட்டு வாங்கிய பிறகு வகுப்பில் அந்த எண்ணைச் சொல்ல யாரும் தடை சொல்லவில்லை. சனி பகவானும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் தினேஸ்வரி தலைவரிடம் சொல்லவில்லை. ஏழரை சாதாரண மனிதருக்கு. எட்டு, தெய்வங்களையும் மாவீரர்களையும் வரைய ஓவியர்கள் வைத்திருக்கும் அளவு. அந்தச் சுவரில் ஒரே ஒருவர்தான் சாதாரண மனிதர். அவரைச் சுற்றிப் பால்வாளியோடு வீரர்கள் நிற்கிறார்கள்.