ஊத்து வளைவில் இறங்காதவர்கள்

போன மாசியில் ஜக்கையன் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள், ரோடு போட்ட மனுசன் என்று சொல்லி அழுதார்கள். அவர் ரோடு போட்டதில்லை. போட்ட ரோட்டை அளந்தவர். அந்த வித்தியாசத்தை ஊருக்குப் புரியவைக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. சொந்த ஊரான சிலமலையில் அவருடைய அப்பாவே, "மகன் ரோட்டுல சோலி பாக்குறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கட்டடப் பொறியியலில் டிப்ளமா முடித்து, சாலை ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தவர், 1978இல் போடிக்கு மாற்றலாகி வந்தார். முந்தலில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு அவருடைய பொறுப்பு. பாறைக்குள் இருந்து கசியும் ஊற்று, சாலையைக் குறுக்கே நனைத்துக்கொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் பாசி படர்ந்துவிடும். ஊத்து வளைவு என்றால் எல்லா ஜீப்பு டிரைவருக்கும் தெரியும்.

ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அந்த வளைவுக்குக் கீழே நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு இறங்குவார்கள். வெறும் ஜீப்பு உறுமிக்கொண்டு மேலே ஏறும். இவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, பாறை ஓரமாக நடந்து வளைவைத் தாண்டி மறுபடி ஏறுவார்கள். யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த இடம் வந்தால் இறங்க வேண்டியதுதான்.

திட்டத்தின்படி சாலைக்கு அடியில் கல் நிரப்பிய வடிகால் வைத்தார்கள். மேலே சொரசொரப்பான சல்லியைத் தார் ஊற்றிப் பதித்தார்கள். அதன்பின் ஜக்கையனின் வேலை தொடங்கியது. சாலையில் தண்ணீர் ஊற்றி, ஊசல் போன்ற ஒரு கருவியை நிறுத்தி, அதன் நுனியில் உள்ள ரப்பர் சாலையை உரசிப் போகும்படி ஆட்டிவிடுவார். எவ்வளவு உராய்வு என்று முள் காட்டும். ஜீப்பில் தோட்ட வேலைக்குப் போகிற ராக்கு ஒருநாள் தலையை நீட்டிக் கேட்டாள்.

"என்னண்ணே, ரோட்டுக்குத் தொட்டில் ஆட்டுறீகளா? தூங்கிருச்சா?"

"இன்னும் தூங்கல ஆத்தா."

உராய்வு கூடியிருந்தது. மழைக்காலத்திலும் குறையவில்லை. ஆனாலும் 1981இல் திட்டத்தை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. இதே போல ஊற்று கசியும் வளைவுகள் மேலே இன்னும் இரண்டு இருந்தன. திட்டம் நின்றால் அவை அப்படியே கிடக்கும். ஜக்கையன் சென்னை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். தொடரலாமா மூடலாமா என்று பார்த்துச் சொல்ல, சென்னையில் இருந்து தணிகாசலம் என்ற மூத்த பொறியாளர் வந்தார். நல்ல மனிதர். பயணியர் விடுதியில் உட்கார்ந்து எல்லா வரைபடங்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

"உராய்வு கூடியிருக்கு. சரி. அதனால யாருக்கு என்ன ஆச்சுன்னு நிதித்துறையில கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"வளைவுல வேலை முடிஞ்ச பிறகு விபத்தே இல்ல சார்."

"அதுக்கு முன்னாடி?"

ஜக்கையன் தயங்கினார். "முன்னாடியும் பெருசா இல்ல சார்."

"அப்ப முன்னாடியும் இல்ல, இப்பவும் இல்ல. இந்தச் செலவு எதுக்குன்னு அவங்க கேட்டா தப்பா?"

ஜக்கையன் வரைபடங்களைச் சுருட்டிக் கட்டினார். வீட்டுக்குப் போனவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் தணிகாசலம் ஆட்கள் போகிற ஜீப்பிலேயே வளைவைப் பார்க்க விரும்பினார். நல்ல மழை. ஜக்கையன் டிரைவர் வெள்ளைத்துரையைத் தனியே கூப்பிட்டு, "பெரிய ஆபீசரு முன்சீட்டுல வர்றாரு, பாத்துப் பக்குவமா ஓட்டுங்கண்ணே" என்றார். பின்னால் ராக்குவும் மற்றப் பெண்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜக்கையன் அவர்களுக்கு நடுவே தொற்றிக்கொண்டார்.

ஊத்து வளைவுக்குக் கீழே ஜீப்பு நின்றது.

"எல்லாரும் எறங்குங்க" என்றார் வெள்ளைத்துரை.

ஜக்கையனுக்குப் புரிந்துவிட்டது. பக்குவம் என்று தான் சொன்னதற்கு இந்த மனிதர் வைத்திருந்த அர்த்தம் இதுதான். ஆபத்தான வளைவு, இன்னும் ஆட்கள் இறங்கித்தான் போகிறார்கள் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போகப்போகிறார்.

ராக்கு அசையவில்லை. "எதுக்கு மாப்ளே எறங்கணும்?"

"ஆபீசரு இருக்காருல்ல. வெரசா எறங்குங்க."

"ஆபீசரு இருந்தா அவரை எறக்கு. எங்களை ஏன் மழையில நனைய விடுற? ரெண்டு வருசமா உக்காந்தபடிக்கே போறோம். இன்னைக்கு மட்டும் ரோடு மாறிப்போச்சா?"

மூலையில் இருந்த மொக்கம்மாள், வயதானவள், முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் எறங்க மாட்டேன் அப்பு. எறங்கி நடக்கணும்னா நான் மலைக்கே வந்திருக்க மாட்டேன்."

தணிகாசலம் முன்சீட்டில் இருந்து திரும்பினார். "முன்னாடி எறங்கி நடப்பீங்களாம்மா?"

"நடக்காம? நான் அங்கனதான் வழுக்கி விழுந்து காலு போச்சு. அப்புறம் தோட்டத்துப் பக்கமே போகல. வீட்டுல மருமக மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். இப்ப யாரும் எறங்குறதில்லைன்னு இந்த ராக்கு சொன்னா. அதான் திரும்ப வர்றேன்."

"மருமக கும்பிட்டு அனுப்பிவச்சுட்டா" என்றாள் ராக்கு. ஜீப்பே சிரித்தது.

ஜக்கையன் சிரிக்கவில்லை. விபத்து ஏன் முன்பும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவர்கள் இறங்கி நடந்ததால்தான் விபத்து நடக்காமல் இருந்தது. விழுந்த கிழவியை யாரும் விபத்தில் சேர்க்கவும் இல்லை. இரண்டு வருடமாகச் சாலையைக் குனிந்து பார்த்தவர், கடந்துபோன ஜீப்புக்குள் ஆட்கள் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

"எடுங்க வண்டியை. எல்லாரும் உக்காந்திருக்கட்டும்" என்றார் தணிகாசலம். சக்கரம் வழுக்காமல் ஏறியது.

போடிமெட்டில் டீ குடிக்கும்போது தணிகாசலம் சொன்னார்: "அறிக்கையில இதை முதல் பக்கத்துல எழுதுங்க. வரைபடமெல்லாம் பின்னாடி போகட்டும்."

"இதை எப்படி எழுதுறதுன்னு தெரியல சார்."

"அந்தம்மா சொன்ன மாதிரியே எழுதுங்க. அப்புறம் அவங்க மாதிரி எத்தனை பேருன்னு விசாரிச்சுச் சேத்து எழுதுங்க."

அடுத்த சில வாரங்கள் ஜக்கையன் கருவியைத் தொடவில்லை. சிலமலை, ராசிங்காபுரம் என்று ஜீப்பு நிற்கும் இடங்களுக்கெல்லாம் போனார். முன்பு வேலையை விட்டவர் யார், திரும்பி வந்தவர் யார், தோட்டத்துக்குப் பிந்திப் போய் வசவு வாங்கியவர் யார் என்று கேட்டார். பலரும் கேட்டதற்கு மேலேயே சொன்னார்கள்.

பங்குனியில் உத்தரவு வந்தது. மேலே உள்ள இரண்டு வளைவுகளுக்கும் அனுமதி. திட்டம் நிற்காது. ஜக்கையன் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி அன்னக்கொடியிடம் சொன்னார்.

"அப்ப மெட்ராசுக்குப் போக வேண்டாமா?"

"வேண்டாம்."

அன்னக்கொடி எழுந்தார். ஊர் மாறுவதற்காகச் சாக்கில் கட்டி மூலையில் வைத்திருந்த பாத்திரங்களை அவிழ்த்து, பெரிய சோற்றுப் பானையை எடுத்து அலசி, அடுப்பில் ஏற்றினார். அன்று ஜக்கையன் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.