சேற்றில் ஓடிய பலகை

என் அக்காவை எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டும்போது வடம் அறுந்து மச்சான் கீழே விழுந்தார். எருது இடது முட்டியின் மேல் மிதித்துவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் முட்டி அதன்பிறகு மடங்கவில்லை. தோட்ட வேலைக்கு ஆள் வேண்டுமென்று என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர் மேச்சேரிப் பக்கம். ஆடு மேய்க்கும் காட்டில் வளர்ந்தவன் நான். ஏரியில் இறங்கி மீன் பிடித்து எனக்குப் பழக்கமில்லை.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் ஏரியில் மீன் பிடிக்க விடுவார்கள். பங்குனி சித்திரையில் தண்ணீர் வற்றி மதகுக்குக் கீழே போனதும் மணியக்காரர் நாள் குறித்துத் தமுக்கு அடிக்கச் சொல்வார். அதற்கு முன்னால் யாரும் வலை போடக்கூடாது. மச்சான் தை மாதத்திலிருந்தே அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தினமும் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு மதகு வரைக்கும் போவார். திரும்பி வந்ததும் சோற்றுக்கு உட்காருவதற்கு முன்னால், "இன்னைக்கு ரண்டு கல்லு வெளிய தெரியுது மாப்ள" என்பார். மதகுச் சுவரில் எத்தனை வரிசைக் கல் தெரிகிறது என்பதுதான் அவருடைய கணக்கு.

அதற்கு முந்தின வருஷம் எல்லோரும் ஏரிக்குள் இறங்கியபோது அவர் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் துணிமூட்டையைப் பார்த்துக்கொண்டாராம். மடங்காத காலைச் சேற்றில் வைத்தால் பிடுங்க முடியாது. இதை அக்காதான் சொன்னாள்.

மாசியில் ஒருநாள் பழைய மாட்டுக் கொட்டகைக் கதவைக் கழற்றச் சொன்னார். ஒற்றைக் கதவு, வேப்பம்பலகை. எதற்கென்று கேட்டேன்.

"ஏரி நடுவுல ஒரு குழி இருக்குது மாப்ள. மண்ணு எடுத்த குழி. தண்ணி வத்துனா வராலு பூரா அங்கதான் போய்ச் சேரும். சுத்தியும் இடுப்புக்கு மேல சேறு, ஆரும் போகமாட்டாங்க. பலகை மேல கூடை, வலையெல்லாம் வெச்சுச் சேத்து மேல தள்ளிக்கிட்டே போனா போயரலாம்."

"ஆரு தள்ளறதுங்க?"

"அதெ அப்பறம் பாத்துக்கலாம்."

கதவை மதகுக்குக் கீழே இருந்த சேற்று வயலுக்குக் கொண்டுபோய், மேலே கல் ஏற்றி இழுத்துப் பார்த்தோம். இரண்டு முழம்கூட நகரவில்லை. முன்விளிம்பு சேற்றைக் கோரிக்கொண்டு அப்படியே குத்தி நின்றுவிட்டது. மச்சான் வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தார். மறுநாள் உடைந்த வண்டிச் சக்கரம் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, அதன் வெளிவட்டமான வட்டையில் இரண்டு துண்டை எடுத்தார். வளைந்த மரம் அல்லவா? அவற்றைப் பலகையின் முன்பக்கம் மேல்நோக்கி வளையும்படி ஆணி அடித்துப் பொருத்தினோம். நடுவில் இருந்த இடைவெளியை மண்ணெண்ணெய்த் தகரத்தை விரித்து மூடினோம். இரண்டு பக்கமும் கூடையை மாட்ட முளை அடித்தோம். அடிப்பக்கத்தை ஓட்டாஞ்சில்லால் தேய்த்து, ஆமணக்கெண்ணெய் பூசினோம்.

அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "ஏனுங்க, தலைக்கு வெச்சிருந்த எண்ணெயப் பூராவும் கதவுக்குத் தேச்சுப்போட்டீங்களா? நல்லாருக்குதுங்க நீங்க பண்றது!"

மச்சான் தலையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுபடி வயலுக்குப் போனோம். பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கல்லெல்லாம் எறக்கு" என்றார் மச்சான். இறக்கினேன். அவர் கம்பைப் போட்டுவிட்டு, பலகைமேல் குப்புறப் படுத்து, நல்ல காலைப் பின்னால் விட்டுச் சேற்றை உந்தினார். கைகள் இரண்டு பக்கமும் துடுப்புப் போல வேலை செய்தன. வயலின் அடுத்த வரப்பு வரைக்கும் போய்விட்டார்.

"சாமான் வெக்கறதுக்குன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

"ஒரு வருசமா ஊட்டுல சும்மா கெடக்கறேன். நானும் சாமாந்தான மாப்ள?" என்றார். பிறகு முகத்தில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டு, "அக்காகிட்டச் சொல்லாத சாமி" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. "அந்தக் கதவுல ஒடம்பச் சாச்சு நீளம் பாத்துட்டுத்தான கழட்டச் சொன்னாரு? நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள் என்னிடம். ஆனாலும் அவரைத் தடுக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் கொல்லிமலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்து ஒரு மழை இறங்கியது. ஏரியில் ஒரு கல் தண்ணீர் ஏறிவிட்டது. அன்றைக்கு மச்சான் சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டு, நன்றாக இருந்த கூடையையே பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். அதன்பிறகு பதினைந்து நாள் நல்ல வெயில். ஒரு சாயங்காலம் தமுக்குச் சத்தம் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரை முழுக்க ஜனம். அக்கம்பக்கத்து ஊரெல்லாம் வந்திருந்தது. ஆண்கள் வலையோடும், பெண்கள் அடியில்லாத மூங்கில் கூடையோடும் நின்றார்கள். அந்தக் கூடையைக் கலங்கல் தண்ணீரில் கவிழ்த்து அழுத்தி, மேலே கையை விட்டு உள்ளே மாட்டிய மீனை எடுப்பார்கள். மணியக்காரர் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே கூச்சலாக இறங்கினார்கள். நானும் மச்சானும் பலகையைக் கரையோரத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். அவர் படுத்துக்கொண்டார். சேறு தொடங்கும் இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டேன்.

"ஆரது, ஆமையாட்டம் போறது?" என்று ஒரு பெண் கேட்க, சுற்றிலும் சிரித்தார்கள். மச்சான் திரும்பிப் பார்க்காமல் உந்திக்கொண்டே போனார். கொஞ்சநேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் போகாத இடத்தில் அவர் ஒருவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். குழியின் விளிம்பில் பலகையை நிறுத்தி இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினார். முழங்கை நீளத்துக்கு ஒரு வரால் மேலே வந்தது. கூடையில் போட்டார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. கரையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் கத்தினார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கூடை போதாது, இன்னொன்றைக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று சேற்றில் இறங்கி நடந்தேன். பத்தடி போனதும் இடுப்பு வரை இறங்கிவிட்டேன். ஒரு காலை எடுக்கப் பார்த்தால் மற்றது இன்னும் கீழே போனது. நெஞ்சைச் சேறு தொட்டபோது, வெட்கத்தை விட்டு "மச்சான்!" என்று கத்தினேன்.

அவர் பலகையைத் திருப்பினார். எவ்வளவு வேகமாக வந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். "அசையாத சாமி. காலெ விட்டுரு. ஒடம்ப முன்னால சாச்சுப் பலகையப் புடி" என்றார். நான் பயத்தில் ஒரே பக்கமாகத் தொங்கினேன். பலகை சாய்ந்தது. கூடை கவிழ்ந்து வரால் எல்லாம் சேற்றில் துள்ளி மறைந்தன. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. சேற்றில் மல்லாந்து உருண்டு இறங்கி எனக்கு இடம் விட்டார். என் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பலகைமேல் போட்டுவிட்டு, தான் பின்விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுத்தபடியே கிடந்தார். இரண்டு பேரைச் சுமந்து அது நகரவில்லை. அதற்குள் கரைப்பக்கம் இருந்தவர்கள் தலையில் கட்டியிருந்த உருமால்களை ஏழெட்டு அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கி எங்களிடம் வீசினார்கள். முளையில் கட்டினேன். இழுத்தார்கள். ஆமை என்று சொன்ன அந்தப் பெண்ணும் கயிற்றைப் பிடித்திருந்தாள்.

கரையேறியதும் நான் தலையைக் குனிந்துகொண்டு, "மீனெல்லாம் என்னாலதானுங்க போச்சு" என்றேன்.

"போனாப் போகுது. குழிய ஆராச்சும் தூக்கிட்டா போயிருவாங்க?" என்றார். அவர் மூக்கு, காது, மீசை எல்லாம் சேறு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு மீன் வந்தது அக்காவால்தான். எங்களுக்கு நடந்தது எதுவும் தெரியாமல் மறுகோடியில் நின்று கெளுத்தியும் கெண்டையுமாக ஒரு கூடை நிறையப் பிடித்துவைத்திருந்தாள். சேதி கேட்டு ஓடிவந்தவள் முதலில் என் முதுகில் ஓர் அறை வைத்தாள். பிறகு முந்தானையால் எங்கள் இருவரின் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

மத்தியானம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர், பலகையைப் பார்க்கவேண்டும் என்று வந்தார்கள். மச்சான் அவர்களைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். தகரத்தை எப்படி மடிப்பது, எந்தக் காலால் உந்துவது என்று சொல்லி, கடைசியில் வெறுந்தரையில் குப்புறப் படுத்தே காட்டினார். அக்கா மூன்றுதரம் சாப்பிடக் கூப்பிட்டாள். "வாரேன், வாரேன்" என்ற சத்தம்தான் வந்தது. நான் இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.