எலி வேட்டையும் குளவிக் கடியும்

ஒக்கூர் வயலில் கதிர் வந்த நெல்லை எலிகள் அறுத்துத் தள்ளுகின்றன. பொறுக்க முடியாமல் இன்று காலை நானும் என் அண்ணன் மனைவி ஸ்டெல்லா மதினியும் மண்வெட்டியோடு இறங்கிவிட்டோம்.

வரப்பில் முதல் வளையை வெட்டும்போதே பக்கத்துப் புதரிலிருந்த குளவிக் கூடு கலைந்தது. மதினிக்குக் கன்னம் வீங்கியது, எனக்குக் காது.

பத்தே நிமிடத்தில் பேய்மழை. வளைக்குள் தண்ணீர் புகுந்ததும், எலிகள் எங்கள் கண்முன்னே வரப்பைத் தாண்டி ஓடின.

பக்கத்து வயல்காரர் குடையோடு வந்து சிரித்தார். "ஆம்பளைகள அனுப்பாம நீங்க ஏன் வந்தீக?"

மதினி வீங்கிய கன்னத்தோடு சொன்னார்: "எங்க வயலுக்கு நாங்கதேன் வருவோம். எலியெல்லாம் உங்க வயலுக்குத்தாண்ணே ஓடியிருக்கு. அங்குட்டுப் போயிப் பாருங்க."

நாளையும் போகிறோம். குளவிக் கடிக்கு மருந்து தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். "போகாதீர்கள்" என்பவர்களுக்கு மண்வெட்டி இரவல் தரப்படும்.